புழுதி விதைப்பும் கைபேசி வானிலையும்: இரண்டு பருவங்கள் பயன்படுத்திய ஒரு சேவையைப் பற்றி

உழவர்களுக்குக் கைபேசி வழியே வானிலை சொல்லும் தனியார் சேவை ஒன்றுக்கு இரண்டு ஆண்டுகளாகச் சந்தா கட்டிவருகிறேன். ஆண்டுக்கு 600 ரூபாய். நாள்தோறும் காலை ஆறு மணிக்கு ஒரு நிமிடக் குரல் அழைப்பு வரும். அதே செய்தி வாட்ஸ்அப்பில் எழுத்தாகவும் வந்து சேரும். அடுத்த ஐந்து நாட்களுக்கான மழை, வெப்பநிலை, காற்று, ஈரப்பதம் ஆகியவற்றைச் சொல்லி, அவற்றுக்கேற்ற பயிர் யோசனையும் தருகிறார்கள். ஞாயிறுதோறும் காலநிலை மாற்றத்தைப் பற்றி ஐந்து நிமிட ஒலிப்பதிவு ஒன்று வருகிறது. சேரும்போது பிளாஸ்டிக் மழைமானி ஒன்றையும் கொடுத்தார்கள். நிறுவனத்தின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. இந்த வகைச் சேவையை நம்பி விதைக்கலாமா, அறுக்கலாமா என்று யோசிக்கும் செட்டிநாட்டு உழவருக்குப் பயன்பட வேண்டும் என்பதே இந்த மதிப்பீட்டின் நோக்கம்.

சிவகங்கை மாவட்டம் சாக்கோட்டை வட்டாரத்தில், புதுவயலிலிருந்து சிறிது தொலைவிலுள்ள ஊரில் எங்களுக்கு மூன்று ஏக்கர் நெல் வயல் இருக்கிறது. ஓர் ஏக்கர் கண்மாயின், அதாவது ஊர்ப் பாசனக் குளத்தின், முதல் மடையை ஒட்டியது. மற்ற இரண்டும் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் கடைமடையில் கிடப்பவை. எங்கள் பக்கத்தில் நாற்று விட்டு நடுவது கண்மாயில் முன்கூட்டியே தண்ணீர் நிற்கும் ஆண்டுகளில் மட்டுமே நடக்கிற காரியம். மற்றபடி புழுதி விதைப்புதான். கோடையில் உழுது போட்ட நிலத்தை ஆவணிக் கடைசியிலோ புரட்டாசித் தொடக்கத்திலோ மறுபடி உழுது, ஈரமில்லாத மண்ணில் விதையைத் தெளித்து மூடிவிட்டு மழைக்குக் காத்திருப்போம். நல்ல மழை ஒன்று விழுந்தால் ஒரு வாரத்துக்குள் முளைப்பு தெரியும். ஐப்பசி, கார்த்திகை மழையில் கண்மாய் பெருகும்போது பயிர் ஒரு முழ உயரம் வந்திருக்கும். அதன்பின் மடை திறந்து பாய்ச்சித் தையில் அறுக்கலாம். இந்த முறையில் எல்லாவற்றையும் தீர்மானிக்கும் கேள்வி, முதல் மழைக்கும் இரண்டாம் மழைக்கும் இடையே எத்தனை நாள் என்பது. பத்து நாள் என்றால் பயிர் தாங்கிக்கொள்ளும். மூன்று வாரம் என்றால் கருகிவிடும். பருவம் முழுவதற்கும் சேர்த்து எத்தனை சென்டிமீட்டர் பெய்தது என்ற கணக்கு, கருகிய பயிரைத் திருப்பித் தருவதில்லை.

முதல் ஆண்டில் நான் பட்டது இதுதான். புரட்டாசி முதல் வாரத்தில் வந்த அழைப்பு, அடுத்த ஐந்து நாட்களில் மிதமான மழைக்கு வாய்ப்பு இருப்பதாகவும், நேரடி விதைப்புக்கு ஏற்ற தருணம் என்றும் சொன்னது. கடைமடை இரண்டு ஏக்கரையும் விதைத்தேன். மூன்றாம் நாள் இரவு இடியோடு மழை வந்தது. காலையில் மழைமானியில் 34 மில்லிமீட்டர் நின்றது. பயிர் சீராக முளைத்தது. அதற்குப்பின் பத்தொன்பது நாள் ஒரு துளிகூட விழவில்லை. பன்னிரண்டாம் நாள் வாக்கில் காலைப் பத்து மணிக்கே இலைகள் ஊசிபோலச் சுருண்டுகொண்டன. முதலில் மாலையில் விரிந்தவை பின்னர் விரியவே இல்லை. பதினாறாம் நாள் ஒரு பயிரைப் பிடுங்கிப் பார்த்தேன். நுனி வைக்கோல் நிறத்துக்கு மாறியிருந்தது. வேர் மண்ணிலேயே அறுந்து நின்றுவிட்டது. கண்மாயில் அப்போது தண்ணீர் இல்லை. உழவுக் கூலியும் விதைநெல்லும் போயின. ஐப்பசியில் மறுபடி விதைத்தேன்.

இதில் முன்னறிவிப்பு பொய்த்ததா என்றால், இல்லை என்றுதான் நேர்மையாகச் சொல்ல வேண்டும். ஐந்து நாளுக்குள் மழை என்றார்கள், பெய்தது. ஆனால் ஆறாம் நாளிலிருந்து என்ன நடக்கும் என்பதைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லாமல், விதைக்க ஏற்ற தருணம் என்று மட்டும் சொன்னதுதான் குற்றம். புழுதி விதைப்பு செய்பவனுக்கு ஐந்து நாள் முன்னறிவிப்பு பாதிக் கிணறுதான். இந்திய வானிலை ஆய்வுத் துறை வியாழன்தோறும் அடுத்த நான்கு வாரங்களுக்கான நீட்டிக்கப்பட்ட முன்னறிவிப்பை வெளியிடுகிறது. நான்காம் வாரத்துக்குப் போகப் போக அதன் துல்லியம் குறையும் என்றாலும், இரண்டாம் வாரமும் மூன்றாம் வாரமும் இயல்பைவிட வறண்டிருக்கக்கூடுமா என்ற குறிப்பாவது அதில் கிடைக்கும். பணம் வாங்கிக்கொண்டு யோசனை சொல்லும் சேவை, அந்த ஒரு குறிப்பைப் புரட்டாசி மாதத்தில் மட்டுமாவது தன் அழைப்பில் சேர்த்திருக்கலாம்.

இன்னொரு குறை மழையின் இயல்பிலிருந்தே வருகிறது. புரட்டாசியில் எங்களுக்குக் கிடைப்பது பெரும்பாலும் வெப்பச்சலன மழை. பகல் வெயிலில் சூடேறிய காற்று மேலே கிளம்பி, பிற்பகலில் மேகமாகத் திரண்டு, சில கிலோமீட்டர் அகலத்துக்குக் கொட்டிவிட்டுக் கலைந்துவிடும். புதுவயலில் தெரு நிறைய ஓடும் நாளில் கண்டனூரில் புழுதி பறக்கும். ஐப்பசிக்குப் பிந்தைய மழையோ வங்கக் கடலில் உருவாகும் தாழ்வுநிலைகளாலும் கிழக்கிலிருந்து நகர்ந்து வரும் கீழைக் காற்று அலைகளாலும் வருவது. பரப்பும் பெரிது, மூன்று நான்கு நாளுக்கு முன்பே தடமும் தெரியும். இந்திய வானிலை ஆய்வுத் துறையின் உலகளாவிய கணினி மாதிரி நெடுநாள் 12 கிலோமீட்டர் கட்டங்களில் இயங்கியது. 2025 மே மாதம் தொடங்கிய பாரத் முன்னறிவிப்பு முறை அதை 6 கிலோமீட்டராகக் குறைத்திருக்கிறது. இது பெரிய முன்னேற்றம். ஆனால் நான் வாங்கும் சேவை இன்னும் வட்டாரம் முழுவதற்கும் ஒரே எண்ணைத்தான் சொல்கிறது. அந்த எண்ணைப் புரட்டாசியில் நம்பியது போலவே கார்த்திகையிலும் நம்பலாமா என்பதை, அதாவது எந்த மாதத்துக்கு எவ்வளவு நம்பிக்கை வைக்கலாம் என்பதை, அவர்கள் ஒருமுறைகூடச் சொன்னதில்லை. இரண்டு பருவம் மழைமானியோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகு நானாகக் கண்டுகொண்டது இது: புரட்டாசிச் செய்தியைச் செவிவழிச் செய்தியாகக் கொள்ளலாம், கார்த்திகைச் செய்தியை நம்பிக் கூலி பேசலாம்.

மழைமானியைத் தனியே பாராட்ட வேண்டும். சேவை முழுவதிலும் எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். வீட்டுக்கும் மரத்துக்கும் விலகிய இடத்தில் கம்பு நட்டுக் கட்டி, காலை எட்டரை மணிக்கு அளவைப் பார்த்துக் குறித்துக்கொண்டு கவிழ்த்துவிட வேண்டும், அவ்வளவுதான் வேலை. ஒரு மில்லிமீட்டர் மழை என்பது ஓர் ஏக்கரில் ஏறத்தாழ 4,000 லிட்டர் தண்ணீர். இந்தக் கணக்கு தெரிந்தபின், நல்ல மழை, சுமார் மழை என்று சொல்லிக்கொண்டிருந்த நாங்கள் எண்ணில் பேசத் தொடங்கினோம். பள்ளிக்குப் போகும் என் மகள்தான் இப்போது குறிப்பேட்டில் எழுதுகிறாள். அந்தக் குறிப்பேட்டை ஊர் டீக்கடைக்கு எடுத்துப்போன நாளிலிருந்து எங்கள் ஊரில் காலநிலை மாற்றம் பற்றிய விவாதம் வேறு தளத்துக்கு வந்துவிட்டது.

அந்த விவாதத்துக்கு அடியெடுத்துக் கொடுத்தது சேவையின் ஞாயிற்றுக்கிழமை ஒலிப்பதிவு. அதில் எல்லாவற்றுக்கும் ஒரே காரணம் சொல்கிறார்கள். மழை குறைந்தாலும் காலநிலை மாற்றம், கூடினாலும் காலநிலை மாற்றம், புகையான் பூச்சி வந்தாலும் காலநிலை மாற்றம். இதை டீக்கடையில் எல்லோரும் கேட்கும்படி வைத்தபோது, கண்மாய்த் தண்ணீரை வயல்களுக்குப் பங்கிட்டு விடும் நீர்பாய்ச்சியாக முப்பது ஆண்டுகள் இருந்த என் மாமா மறுத்துப் பேசினார். “மாப்பிள்ளை, மழை மாறல. கம்மாய்க்கு வர்ற கால்வாயைத்தான் நாம மாத்திப்புட்டோம்” என்றார். வரத்துக் கால்வாயில் சீமைக் கருவேலம் மண்டியதையும், கால்வாய்க் கரையில் வீட்டுமனைக் கற்கள் ஊன்றப்பட்டதையும், கண்மாய்க்குள் மண் மேடிட்டதையும் அவர் ஒவ்வொன்றாகச் சொன்னபோது யாராலும் மறுக்க முடியவில்லை. பஞ்சமும் வெள்ளமும் புதிதல்ல, 1876இல் தொடங்கிய தாது வருடப் பஞ்சத்தை நம் பாட்டன்மார் பார்த்திருக்கிறார்கள் என்பது அவருடைய இன்னொரு வாதம்.

நான் அவரோடு பாதி உடன்படுகிறேன், பாதி உடன்படவில்லை. தமிழகத்துக்கு வடகிழக்குப் பருவமழையின் இயல்பான அளவு ஏறத்தாழ 44 சென்டிமீட்டர். 2016இல் கிடைத்தது 17 சென்டிமீட்டர். 62 விழுக்காடு குறைவு. ஐந்தே ஆண்டு கழித்து 2021இல் 71 சென்டிமீட்டர் பெய்தது. 59 விழுக்காடு கூடுதல். பசிபிக் கடலின் நடுப்பகுதி இயல்பைவிடக் குளிர்ந்திருக்கும் லா நினா ஆண்டுகளில் நம் பருவமழை குறைவது பொதுவான போக்கு. 2016 அதற்கு இணங்கி நடந்தது. 2021 அதை மீறியது. ஆகவே ஒரு தனி ஆண்டின் மழையை எடுத்துக்கொண்டு, இது காலநிலை மாற்றத்தின் விளைவு என்று அடித்துச் சொல்ல முடியாது. ஞாயிற்றுக்கிழமைக் குரல் அப்படித்தான் சொல்கிறது. அதனால் இரண்டு தீங்குகள் விளைகின்றன. உண்மையான மாற்றத்தையும் உழவர்கள் நம்ப மறுக்கிறார்கள். கால்வாயைத் தூர்வார வேண்டியவர்கள் உலக வெப்பத்தின் மேல் பழியைப் போட்டுவிட்டு ஒதுங்கிக்கொள்கிறார்கள்.

மாமாவோடு நான் உடன்படாத பாதி எது என்பதையும் சொல்லிவிடுகிறேன். புவி அறிவியல் அமைச்சகம் 2020இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, 1901 முதல் 2018 வரை இந்தியாவின் சராசரி வெப்பநிலை ஏறத்தாழ 0.7 பாகை செல்சியஸ் உயர்ந்திருக்கிறது. வெப்பமண்டல இந்தியப் பெருங்கடலின் மேற்பரப்பு 1951 முதல் 2015 வரை ஒரு பாகை சூடேறியிருக்கிறது. ஒவ்வொரு பாகைக்கும் காற்று ஏறத்தாழ 7 விழுக்காடு கூடுதல் நீராவியைத் தாங்கும். தாங்கியதை ஒரே மூச்சில் இறக்கினால் என்ன ஆகும் என்பதை, 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் பெய்த 95 சென்டிமீட்டர் காட்டிவிட்டது. மாநிலத்துக்கு ஒரு பருவம் முழுதும் பெய்ய வேண்டியதைப்போல் இரு மடங்குக்கும் மேல் அது. கார்த்திகைக்குப் பின் மழையும் இல்லை, கர்ணனுக்குப் பின் கொடையும் இல்லை என்று சொல்லி வளர்ந்தவர்கள் நாங்கள். 2021 ஜனவரியில், பொங்கலுக்கு முன்னும் பின்னும் கொட்டிய மழையில், டெல்டாவிலும் தென் மாவட்டங்களிலும் அறுவடைக்கு நின்ற சம்பா சாய்ந்து, கதிரிலேயே முளைவிட்டது. மார்கழியில் பதினான்கு நாள் மேக ஓட்டத்தை, அதாவது கெர்ப்போட்டத்தை, பார்த்து அடுத்த ஆண்டு மழையைக் கணிக்கும் மாமாவே அந்த ஆண்டு தன் வயலைப் பார்த்துவிட்டு நெடுநேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தார்.

அந்தத் தை மழைதான் இந்தச் சேவையின் உண்மையான பயனைப் புரிந்துகொள்ள உதவுகிறது. இரண்டாம் ஆண்டு தையில், ஒரு செவ்வாய்க்கிழமைக் காலை அழைப்பு, கீழைக் காற்று அலை காரணமாக வெள்ளி முதல் மூன்று நாள் மழை இருக்கும், முற்றிய கதிரை உடனே அறுக்கவும் என்று சொன்னது. வானத்தில் மேகமே இல்லை. ஊரில் பெரும்பாலோர் சனிக்கிழமைக்கு வண்டி பேசியிருந்தார்கள். நான் அன்றைக்கே கதிர் அறுக்கும் வண்டிக்காரரைக் கெஞ்சிப் பிடித்து, புதன் இரவு விளக்கு வெளிச்சத்தில் அறுத்து முடித்தேன். வயல் காய்ந்திருந்ததால் டயர் வண்டியே போதுமாயிற்று; ஈரம் இறங்கிவிட்டால் செயின் வண்டிதான் வர வேண்டும், மணிக்கு வாடகையும் கூட. வியாழன் பகல் முழுதும் களத்தில் நெல் காய்ந்தது. கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 விழுக்காட்டுக்கு மேல் போனால் எடுக்கமாட்டார்கள். என் நெல் அதற்குள் நின்றது. வெள்ளிக்கிழமை பிற்பகலில் தூறல் தொடங்கி ஞாயிறு வரை பெய்தது. அந்த ஒரே அழைப்பு இரண்டு ஆண்டுச் சந்தாவைப் பல மடங்காகத் திருப்பித் தந்துவிட்டது என்பதை நன்றியோடு பதிவு செய்கிறேன்.

பயிர் யோசனைகளின் தரம் ஒரே சீராக இல்லை. விதைநெல்லை ஒரு விழுக்காடு பொட்டாசியம் குளோரைடு கரைசலில் ஊறவைத்து நிழலில் உலர்த்தி விதைத்தால் இளம்பயிர் வறட்சியை ஓரளவு தாங்கும் என்றது நல்ல யோசனை. வேளாண் பல்கலைக்கழகம் மானாவாரி நெல்லுக்கு முன்பிருந்தே பரிந்துரைப்பதுதான் என்றாலும், உரிய வாரத்தில் காதில் போட்டார்கள். ஆனால் யோசனைகள் யாவும் 110 நாள் ரகத்தை மனத்தில் வைத்தே சொல்லப்படுகின்றன. எங்கள் பக்கத்தில் கறுப்புக் கவுனியைத் திரும்பவும் பயிரிடுகிறவர்கள் இருக்கிறார்கள். அது 140 நாள் ஓட்டத்தில் உள்ள நெல். நாங்கள் கவுனியில் பால் பிடிக்கவில்லையே என்று பார்த்துக்கொண்டிருக்கும்போது, வயலை வடித்து அறுவடைக்குத் தயாராகுங்கள் என்று செய்தி வருகிறது. சேரும்போது ரகத்தின் பெயரைக் கேட்டுப் பதிந்துகொண்டார்கள். அதைப் பயன்படுத்தியதாகத் தெரியவில்லை.

இரவு வெப்பநிலையையும் நாள்தோறும் சொல்கிறார்கள். அதற்கு என்ன பொருள் என்று சொல்வதில்லை. பிலிப்பைன்சிலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவன வயல்களின் தரவுகளைக் கொண்டு 2004இல் வெளியான ஆய்வு, வறள்பருவ நெல்லில் இரவுக் குறைந்தபட்ச வெப்பநிலை ஒரு பாகை கூடினால் விளைச்சல் பத்து விழுக்காடு குறைவதாகக் கண்டது. ஞாயிற்றுக்கிழமை ஐந்து நிமிடத்தில் சொல்லத் தகுந்த செய்தி இது. கண்ணுக்குத் தெரியாமல் மூட்டையைக் குறைக்கும் மாற்றத்தை விளக்காமல், கண்ணுக்குத் தெரியும் ஒவ்வொரு மழைக்கும் அதையே காரணமாக்குவது வருத்தமாக இருக்கிறது.

இலவசமாகக் கிடைப்பவை இருக்கும்போது பணம் கட்டுவது ஏன் என்று கேட்பவர்கள் உண்டு. கேட்க வேண்டிய கேள்விதான். இந்திய வானிலை ஆய்வுத் துறை செவ்வாய், வெள்ளிக் கிழமைகளில் மாவட்ட வேளாண் வானிலை அறிக்கை வெளியிடுகிறது. 2019இல் வந்த மேகதூத் செயலியில் அதைப் பார்க்கலாம். தமிழக அரசின் உழவன் செயலி 2018 முதல் இருக்கிறது. படிக்கவும் செயலியைத் திறந்து தேடவும் பொறுமை உள்ளவருக்கு இவையே போதும் என்பது என் கருத்து. நான் கட்டும் பணம் குரலுக்காகத்தான். என் தாயாருக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கத்தான் வரும். காலை அழைப்பை முதலில் எடுத்துக் கேட்பவர் அவர்தான், களத்தில் காயும் நெல்லை மூடுவதும் அவர்தான். ஆனால் அந்தக் குரல் ‘ஏரிப் பாசன உழவர்களே’ என்று அழைக்கும்போது ஒவ்வொரு முறையும் எனக்கு உறுத்துகிறது. இங்கே ஏரி என்று யாரும் சொல்வதில்லை. கண்மாய் என்றுதான் சொல்வோம். எங்கோ எழுதியதை எங்களுக்கும் அனுப்புகிறார்கள் என்பது அந்த ஒரு சொல்லில் தெரிந்துவிடுகிறது.

சொல் மட்டுமன்று, கண்மாயே அவர்கள் கணக்கில் இல்லை. இதுதான் என் பெரிய மனக்குறை. செட்டிநாட்டில் நெல் வானத்து மழையில் பாதியும் கண்மாய்த் தண்ணீரில் பாதியுமாக விளைகிறது. மெதுவாகப் பெய்யும் 50 மில்லிமீட்டர் மழையை நிலமே குடித்துவிடும். கண்மாய்க்கு ஒரு சாண் தண்ணீர்கூட வராது. அதே 50 மில்லிமீட்டர் ஒரு மணி நேரத்தில் கொட்டினால் வரத்துக் கால்வாய் பெருகி ஓடும். அடித்துக் கொட்டும் மழையைப் பிடித்து நிறுத்தி, மிஞ்சியதைக் கலுங்கு என்னும் உபரிநீர்ப் போக்கி வழியே அடுத்த கண்மாய்க்குத் தள்ளுவதற்காகவே நம் முன்னோர் இந்தக் கண்மாய்ச் சங்கிலியைக் கட்டினார்கள். மழை நாட்கள் குறைந்து மழையின் வேகம் கூடும் காலத்துக்கு இதைவிடப் பொருத்தமான அமைப்பு வேறில்லை. கால்வாய் திறந்திருந்தால், கரை உறுதியாக இருந்தால். இந்த இடத்தில்தான் மாமாவின் வாதமும் அறிவியலின் வாதமும் ஒன்றையொன்று வெட்டாமல் சந்திக்கின்றன என்று நினைக்கிறேன். மழை மாறியிருக்கிறது என்பதனாலேயே கால்வாய் முன்னைவிட முக்கியமாகிவிட்டது. உழவரிடமிருந்து வாரம் ஒருமுறை கண்மாயில் எத்தனை அடித் தண்ணீர் என்று கேட்டு வாங்கி, அதையும் மழையையும் சேர்த்து யோசனை சொல்வது இந்தச் சேவைக்கு முடியாத காரியமல்ல. மழைமானி கொடுத்தவர்கள், அதில் பதிந்த அளவைக் கேட்டு இரண்டு ஆண்டில் ஒருமுறையும் அழைக்கவில்லை. எங்களிடம் இருக்கும் எண்கள் அவர்களுக்குத் தேவைப்படவில்லை.

இந்தக் குறைகளை எல்லாம் எழுதிச் சேவையின் வாடிக்கையாளர் எண்ணுக்கு அனுப்பினேன். பரிசீலிப்பதாகப் பதில் வந்தது. நீங்கள் மோட்டார் வைத்து நாற்று நடுபவர் என்றால் ஆண்டுச் சந்தா பயனுள்ளதுதான். புழுதி விதைப்புக்காரர் என்றால், விதைக்கும் நாளை இந்த அழைப்பைக் கேட்டு முடிவு செய்ய வேண்டாம். வியாழக்கிழமை அறிக்கையை யாரையாவது படித்துச் சொல்லச் சொல்லுங்கள், கடைமடையை விதைப்பதற்கு முன் மாமாவைப் போன்ற ஒரு நீர்பாய்ச்சியைக் கேளுங்கள். அறுவடைக்கு இதை முழுதாக நம்பலாம். மூன்றாம் ஆண்டுக்கு நான் முழுச் சந்தா கட்டவில்லை. கார்த்திகை முதல் நாளில் தொடங்கும் அரையாண்டுச் சந்தாவை மட்டும் 350 ரூபாய் கொடுத்து எடுத்திருக்கிறேன்.